‘ஒண்ணும் பண்ணாது சார்!’

சென்னையில் காலை ஐந்தரை மணிக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வாக்கிங் கிளம்புகிறவர்களின் கைகளைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கையில் பெல்ட் இருக்கும். இன்னொரு கையில் குடை, மூங்கில் கழி, நரம்பறுந்த ஷட்டில் பேட், ஒட்டடைக் கம்பின் பாதி என்று ஏதாவது ஒன்று. மழைக்கான அறிகுறியே இருக்காது, ஷட்டில் ஆடவும் யாரும் போகவில்லை. அடுத்த தெருமுனையில் படுத்திருக்கும் மூன்று நாய்களுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

மாநகராட்சிக்காக 2024-ல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருப்பதாகச் சொன்னது. 2018-ல் இந்த எண்ணிக்கை 57 ஆயிரத்துச் சொச்சம். இடைப்பட்ட அதே ஆண்டுகளில்தான் அடுக்குமாடி வீடுகளில் லாப்ரடாரும் ஷிட்சூவும் சிப்பிப்பாறையும் பெருகின. வளர்ப்பு நாயைத் தினமும் இரண்டு வேளை வெளியே கூட்டிப் போயே ஆக வேண்டும். வெளியே என்றால் தெரு. தெரு ஏற்கெனவே வேறு சிலருடையது.

ஒருவர் தனியாக நடந்து போகும்போது தலையைக்கூடத் தூக்காத தெருநாய், அதே மனிதர் தன் நாயோடு வந்தால் ஊரைக் கூட்டுகிறது. மனிதரிடம் அதற்கு எந்தப் புகாரும் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கூட வருவது ஓர் அந்நிய நாய். அதை இங்கிருந்து அனுப்ப வேண்டும். தெருநாயின் மனதில் ஓடுவது பெரும்பாலும் இவ்வளவுதான்.

டிரான்ஸ்பார்மர் வரை எங்கள் ஏரியா

தெருநாய்க்கும் முகவரி உண்டு. மூன்று நான்கு நாய்கள் ஒரு கூட்டமாகச் சேர்ந்து தெருவின் ஒரு துண்டைப் பிடித்து வைத்திருக்கும். இந்தப் பக்கம் டிரான்ஸ்பார்மர், அந்தப் பக்கம் குப்பைத் தொட்டி, நடுவில் இஸ்திரி வண்டியின் அடி நிழல். குரைத்துக்கொண்டே பின்னால் வரும் நாய்கள் ஓரிடத்தில் சொல்லி வைத்தாற்போல் நின்றுவிடுவதைப் பார்க்கலாம். அதற்கு மேல் ஓர் அடி வைக்காது. அங்கிருந்து அடுத்த கோஷ்டி பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

நாயோடு நடப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த எல்லைகளைத்தான். இரண்டு வாரம் கண்ணைத் திறந்துகொண்டு நடந்தால் பேட்டையின் வரைபடம் மனப்பாடமாகிவிடும். எந்தக் கூட்டம் சும்மா குரைக்கும், எது வழியை மறிக்கும், எந்த நாய் ஆரம்பித்து வைக்கும், எவை அதன் தைரியத்தில் ஆடும் என்பதெல்லாம் பிடிபடும். ஆரம்பித்து வைக்கும் அந்த ஒரு நாய் இல்லாத நாளில் மற்றவை வாலைச் சுருட்டிக்கொண்டு படுத்திருப்பதும் தெரியும்.

எல்லைத் தகராறைக் கிளப்புவது பல நேரம் நம் நாய்தான். ஆண் நாய் அந்த டிரான்ஸ்பார்மர் கம்பத்தைப் பார்த்துக் காலைத் தூக்குகிறது. நமக்கு அது இயற்கை உபாதை. அந்தத் தெருவின் கூட்டத்துக்கோ பகிரங்கச் சவால். எல்லைக் கம்பங்களில் நிற்க விடாமல் கூட்டிப்போய், உங்கள் வீட்டு மதிலோரத்திலேயே வேலையை முடிக்கப் பழக்கினால் பாதிச் சண்டை குறையும். கருத்தடை செய்த ஆண் நாய் மீது மற்ற ஆண் நாய்கள் பாய்வதும் பொதுவாகக் குறைவு. பெண் நாய் பருவத்துக்கு வந்திருக்கும் மூன்று வாரமும் தெருவில் இறக்காமல் இருப்பதே நல்லது. இறக்கினால் நாலு தெரு நாய்களும் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவற்றுக்குள்ளேயே நடக்கும் யுத்தத்துக்கு நடுவில் நீங்கள் பெல்ட்டோடு நிற்க வேண்டியிருக்கும்.

மார்கழி வாக்கில் இன்னொரு ஆபத்து உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் இணை சேர்ந்த நாய்கள் குட்டி போட்டிருக்கும் காலம் அது. நேற்றுவரை வாலாட்டிய தாய் நாய் இன்று எச்சரிக்கையே இல்லாமல் பாயும். நின்றிருக்கும் காருக்கு அடியிலிருந்தோ, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் மணல் மேட்டுப் பக்கமிருந்தோ குட்டிகளின் சத்தம் கேட்டால் அந்தத் தெருவை ஒரு மாதத்துக்கு மறந்துவிட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமைக் காலை கறிக்கடை வாசலும் அப்படியே. இரவு பத்து மணிக்கு மேல், ஆள் நடமாட்டம் ஓய்ந்ததும் தெரு முழுக்க நாய்களின் ஆட்சிக்குள் போய்விடும். பகலில் விட்டுக்கொடுத்த வழியை அப்போது விட்டுக்கொடுக்காது.

குனிந்தால் ஓடும் நாய்

ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த தந்திரம் ஒன்று உண்டு. கல்லே இல்லாவிட்டாலும் கல் எடுப்பதுபோலக் குனிந்தால் போதும், தெருநாய் பத்தடி பின்வாங்கும். தலைமுறை தலைமுறையாகக் கல்லடி வாங்கிய அனுபவம். இன்றும் இது பலிக்கிறது. ஆனால் ஒரு நாயிடம்தான். நாலைந்து சேர்ந்து சுற்றி வளைத்த பிறகு குனிந்தால் முகம் அவற்றின் வாய்க்கு நேரே போகும். உண்மையாகவே கல்லை வீசிவிட்டாலோ, மறுநாளும் அதே தெருவில் நடக்க வேண்டிய ஆள் நீங்கள்தான். நாய்க்கு ஆள் அடையாளம் மறக்காது.

சத்தம் போடும் நாயைவிடச் சத்தம் போடாத நாயைக் கவனிக்க வேண்டும். தள்ளி நின்று முன்னும் பின்னும் குதித்துக் குரைப்பதில் பாதி பயம். உடம்பு விறைத்து, வால் உயர்ந்து, இமைக்காமல் பார்த்துக்கொண்டு நிதானமாக வரும் நாய்தான் முடிவெடுத்துவிட்ட நாய். முன்னால் ஒன்று கவனத்தை இழுக்க, பின்னால் ஒன்று சுற்றிக்கொண்டு வரும். கெண்டைக்காலில் விழும் கடிகளில் நிறைய இப்படி விழுபவைதான். அதனால் முதுகைக் காட்டக் கூடாது. ஓடவே கூடாது. நின்றிருக்கும் கார், மதில், பூட்டிய கடை ஷட்டர் என்று எதையாவது முதுகுக்குக் கொடுத்து, உங்கள் நாயை அந்தப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு, பக்கவாட்டிலேயே நகர்ந்து வெளியேற வேண்டும். குரல் கீச்சென்று வெளிவந்தால் காரியம் கெடும். அடிவயிற்றிலிருந்து ஓர் அதட்டல், ‘ஏய், போ!’ அவ்வளவு போதும். நம் தெருநாய்களுக்கு அந்த இரண்டு வார்த்தையும் நன்றாகப் புரியும்.

கையில் என்ன கொண்டுபோகலாம் என்றால், என் ஓட்டு குடைக்குத்தான். பட்டனை அழுத்தினால் பட்டென்று விரியும் குடை. விரிந்த வேகத்தில் நாய் திடுக்கிடும். பிறகு அதுவே உங்களுக்கும் அதற்கும் நடுவில் தடுப்பாக நிற்கும். கழியில் ஒரு சங்கடம் இருக்கிறது. ஓங்கினால் நம் நாயும் சேர்ந்து பதறும். தரையில் தட்டிச் சத்தம் எழுப்ப மட்டும் அது உதவும். மிளகு ஸ்பிரே வாங்கி வைத்திருப்பவர்கள், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து அடிக்கும் அவகாசம் அந்த நொடியில் கிடைக்குமா என்று யோசித்துக்கொள்ளட்டும். பெசன்ட் நகர் கடற்கரைக் காற்றில் அது யார் கண்ணில் போய் விழும் என்று சொல்ல முடியாது.

பிஸ்கட் போட்டு நட்புப் பிடிக்கும் கட்சி ஒன்று உண்டு. அது வேலை செய்யும். ஆனால் உங்கள் நாய் பக்கத்தில் நிற்கும்போது வேண்டாம். ஒரு பிஸ்கட்டுக்கு இரண்டு வாய் போட்டியிட்டால் சமாதானம் சண்டையாகிவிடும். நாய் இல்லாமல் தனியாகப் போய், அந்தத் தெருவில் தினமும் சோறு வைப்பவரோடு நின்று முகம் காட்டுவது இன்னும் நல்லது. எந்தத் தெருவிலும் அப்படி ஓர் அக்கா இருப்பார். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தக் கூட்டமே உட்கார்ந்துவிடும். அவரோடு நாலு நாள் நின்று பழகியவரைப் பார்த்து நாய்கள் குரைக்கும் தொனியே மாறும்.

இனி, பெல்ட். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் நாடா வைத்த பெல்ட்டைச் சென்னைத் தெருவுக்குக் கொண்டுவராதீர்கள். நாய் பதினைந்தடி தள்ளிப்போய் எல்லையில் நிற்கும்போது உங்களால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அவசரத்தில் நாடாவைப் பிடித்தால் விரல் அறுபடும். ஐந்தாறு அடிக்கு உறுதியான சாதாரண பெல்ட்டும், கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ளும் நாய்க்கு பாடி பெல்ட்டும் போதும். பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொள்வது பலருக்குப் பழக்கம். பெரிய நாய் ஒரு வெட்டு வெட்டினால் எலும்பு முறியும். பெல்ட்டை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் பயம் கை வழியாக நாய்க்கு இறங்கும். இழுபடும் நாய் எதிரியைப் பார்த்துப் பாயத்தான் பார்க்கும். அருகில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெல்ட் சற்றுத் தொய்வாகவே இருக்கட்டும்.

பல் பதிந்த பிறகு

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் கைகலப்பு நடந்தே தீரும். நாய்ச் சண்டையில் சத்தம்தான் பெரிது. பெரும்பாலானவை சில நொடிகளில் பிரிந்துவிடும். ஒன்று கவ்விக்கொண்டு விடாமல் இருந்தால்தான் சிக்கல். அப்போது எல்லோரும் செய்வது, தன் நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுப்பது. இரண்டு விபரீதங்கள் நடக்கும். கவ்விய பல்லில் சதை கிழியும். வெறியில் இருக்கும் சொந்த நாயே திரும்பி உங்கள் கையைக் கடிக்கும். அது கடிக்க நினைத்தது உங்களை அல்ல, ஆனால் தையல் உங்களுக்குத்தான்.

வாளித் தண்ணீரை முகத்தில் விசிறி ஊற்றலாம். வாட்ச்மேன் செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் கிடைத்தால் இன்னும் உத்தமம். துண்டோ சாக்கோ எடுத்துத் தலைமேல் போடலாம். இரண்டு ஆட்கள் இருந்தால் ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடைப்பக்கமாகப் பிடித்துத் தூக்கி, தள்ளுவண்டியை இழுப்பதுபோலப் பின்னோக்கி நடக்கலாம். முன்னங்காலில் மட்டும் நிற்கும் நாய் தன்னைச் சமாளிப்பதற்காகக் கவ்வியதை விடப் பார்க்கும். பிரிந்ததும் அங்கேயே விட்டுவிடாமல் பின்னோக்கியே இழுத்துப்போய் கேட்டுக்கு உள்ளே விட வேண்டும்.

சின்ன நாயைத் தூக்கிக்கொள்ளலாமா? தூக்கினால் தெருநாய் உங்கள் மேல் தாவும்; தூக்காவிட்டால் பொமரேனியனை வாயில் கவ்வி உலுக்கிவிடும். தூரத்திலேயே பார்த்துவிட்டால், பதற்றமில்லாமல் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த வழியே போவது சரி. நெருங்கிய பிறகு என்றால், தூக்கி நின்றிருக்கும் காரின் கூரை மேல் வைத்துவிட்டு நீங்கள் முன்னால் நின்றுகொள்ளுங்கள். கார்க்காரரிடம் கீறலுக்கு மன்னிப்பு பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் நாயின் உடம்பை முடியை விலக்கிப் பாருங்கள். கடிக்காயத்தில் வெளியே தெரிவது ஊசி முனை அளவு துளைதான். உள்ளே தோல் சதையிலிருந்து பெயர்ந்திருக்கலாம். இரண்டு நாளில் சீழ் கோக்கும். உலுக்கப்பட்ட சின்ன நாய் நன்றாக நடந்துகொண்டிருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். நெஞ்சுக்குள் அடிபட்டிருப்பது வெளியே தெரியாது. வேப்பேரியில் 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு வந்து நிற்கும் கூட்டத்தில் கடிபட்ட நாய்களும் எப்போதும் இருக்கும். தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் கடிக்குப் பிறகு மீண்டும் ஊசி உண்டு. காயத்தைக் கையுறை போட்டுக்கொண்டு கழுவுங்கள். உங்கள் நாயின் முடியில் ஒட்டியிருப்பது எந்த நாயின் எச்சில் என்று தெரியாது. உங்கள் விரலில் சிறு வெட்டு இருக்கலாம்.

உங்களுக்குப் பல் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாகப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். நேரே அரசு மருத்துவமனை. ஊசி அன்று, பிறகு 3, 7, 28-ம் நாட்களில். பல் தோலைத் துளைத்திருந்தால் காயத்தைச் சுற்றியே போடும் இம்யூனோகுளோபுலினும் சேரும். ‘எங்க வீட்டு நாய்தான் கடிச்சது, அதுக்கு ஊசி போட்டிருக்கு’ என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. போட வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் பதிவான நாய்க்கடிகள் 4.8 லட்சம். வெறிநோய் வந்துவிட்ட பிறகு மருந்து கிடையாது.

வாயைக் கட்டிவிட்டால்?

வளர்ப்பு நாயை வெளியே கூட்டி வந்தால் பெல்ட்டும் வாய்மூடியும் கட்டாயம் என்கிறது மாநகராட்சி. நாய் வளர்ப்பவர்கள் கேட்பது ஒரே கேள்வி: ‘என் நாயோட வாயைக் கட்டிட்டேன். தெருநாய் வந்து கடிச்சா அது என்ன பண்ணும்?’

நியாயமான கேள்விதான். ஆனால் அதன் உள்ளே ஒரு தப்புக் கணக்கு ஒளிந்திருக்கிறது. நாலு தெருநாய் சூழ்ந்த பிறகு, சோபாவில் தூங்கி வளர்ந்த லாப்ரடார் திருப்பிக் கடித்து ஜெயித்துவிடப் போவதில்லை. அதைக் காப்பாற்ற வேண்டியது பெல்ட்டைப் பிடித்திருப்பவர். வாய்மூடியில் உண்மையான பிரச்னை வேறு. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டையை மாட்டிச் சித்திரை வெயிலில் நடத்தினால் அரை மணி நேரத்தில் சுருண்டு விழும். உள்ளே வாயைத் திறக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வடிவ வாய்மூடிதான் வாங்க வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்குச் சாதாரண வாய்மூடி நிற்காது, மூச்சும் ஏற்கெனவே திணறல். விதி எழுதியவர்கள் பக் நாயைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பிடித்த இடத்திலேயே

‘1913-க்கு போன் பண்ணிச் சொன்னா வண்டி வந்து பிடிச்சிட்டுப் போயிடும்’ என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வண்டி வரும், பிடித்துக்கொண்டும் போகும். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதின் நுனியில் வெட்டு வைத்து, சில நாளில் அதே தெருவில் இறக்கியும் விடும். 2023-ல் வந்த விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஒரு கூட்டத்தை மொத்தமாக அப்புறப்படுத்தினால், அந்தக் குப்பைத் தொட்டியையும் நிழலையும் பிடிக்கப் பக்கத்துத் தெருக் கூட்டம் வரும். அதற்கு ஊசியும் போட்டிருக்காது, உங்களையும் தெரியாது.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-ல் டெல்லித் தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னபோது நாடே இரண்டு பட்டது. பதினோரு நாளில், ஆகஸ்ட் 22-ல், மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விடக் கூடாது என்றது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது என்று நவம்பர் 7-ல் இன்னோர் உத்தரவு வந்தது. உங்கள் தெருமுனை அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ஒரு நாய் உண்மையிலேயே மூர்க்கமானது என்றால் தேதி, நேரம், படம், கடிபட்டவர்களின் மருத்துவச் சீட்டு எல்லாவற்றோடும் புகார் கொடுப்பதுதான் வழி. ஆத்திரத்தில் விஷம் வைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் அதற்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

வீட்டு நாய்தான் வில்லன்

இவ்வளவு நேரம் தெருநாயைப் பற்றிப் பேசினோம். நாயோடு நடப்பவர் உண்மையில் பயப்பட வேண்டியது, கயிறு இல்லாமல் திரியும் வீட்டு நாயைப் பார்த்துத்தான். காலையில் கேட்டைத் திறந்துவிட்டு ‘தானே போயிட்டு வந்துடும்’ என்று காப்பி குடிக்கப் போய்விடும் வீட்டுக்காரர்களின் நாய். அதற்கு டிரான்ஸ்பார்மர் கணக்கெல்லாம் கிடையாது. குனிந்தால் ஓடாது, அதன் மேல் யாரும் கல் எறிந்ததே இல்லை. சத்துணவில் வளர்ந்த முப்பது நாற்பது கிலோ உடம்பு, குரைக்காமல் நேரே வரும்.

சண்டைக்கு வராமல் விளையாட வந்தாலும் ஆபத்துதான். பெல்ட்டில் இருக்கும் நாயால் விலகிப்போக முடியாது. தன்மேல் பாய்ந்து வருவது சிநேகிதமா சண்டையா என்று அதற்கு எப்படித் தெரியும்? அது முதல் உறுமல் விடும். இரண்டாவது நொடியில் ரத்தம். நூறடி பின்னால் செல்போனில் பேசிக்கொண்டே வரும் உரிமையாளர் கையை ஆட்டுவார்: ‘ஒண்ணும் பண்ணாது சார், ஃப்ரெண்ட்லி!’

2024 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறிய இரண்டு ராட்வைலர்களும் வளர்ப்பு நாய்கள். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் ஒருவரின் உயிரைப் பறித்த பிட்புல்லும் வளர்ப்பு நாய். பிறகுதான் மாநகராட்சி உரிமத்தையும் மைக்ரோசிப்பையும் கறாராக்கி, உரிமம் இல்லாவிட்டால் ரூ.5,000 அபராதம் என்றது. விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருப்பவருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு ஆறு மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. கடிபட்டால் காயத்தைப் படம் எடுங்கள், எதிர் வீட்டு சிசிடிவி பதிவை அன்றே கேட்டு வாங்குங்கள், மருத்துவ ரசீதுகளை வைத்துக்கொள்ளுங்கள், காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். ‘பக்கத்து வீடு, தெரிஞ்சவங்க’ என்று விட்டுவிட்டால் அடுத்த முறை அந்த நாய் பெல்ட் பிடித்து வரும் ஒரு சின்னப் பையன் மேல் பாயும்.

அதெல்லாம் நடந்த பிறகு செய்வது. நாய் ஓடி வந்துகொண்டிருக்கும் அந்த ஐந்து நொடியில் 291-வது பிரிவைச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. ‘நாயைக் கட்டுங்க சார்’ என்றால் ‘அதான் ஒண்ணும் பண்ணாதே’ என்பார்கள். நாய் வளர்ப்பவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்த வாக்கியம் ஒன்று இருக்கிறது. உரத்த குரலில், தெருவே கேட்கும்படி கத்துங்கள்: ‘சார், எங்க நாய்க்குச் சொறி! தொட்டா ஒட்டிக்கும்!’ செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு அவர் ஓடிவரும் வேகத்தைப் பார்க்க வேண்டுமே!